சுவருக்கு அப்பால் ஒரு மூச்சு

லயத்து வீட்டில் பலகைச் சுவருக்கு அப்பால் பேசுவது இப்பால் கேட்கும், பேசுகிறவர் தெரியமாட்டார். ஒலி புகுகின்ற இடத்தில் ஒளி புகுவதில்லை. ராடார் கருவி விடும் நுண்ணலை ஒளியின் இனத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அதன் அலைநீளம் மிகுதியாதலால் பலகை, செங்கல், உலர்ந்த மண் ஆகியவற்றை ஊடுருவிச் செல்லும். தகரத்தைக் கடவாது. ஈரச் சேறோ அதனைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

ஊடுருவிய அலை, எதிர்ப்பட்ட பொருளில் பட்டுத் திரும்புகிறது. சுவரும் தூணும் அசையாமையால் அவற்றின் எதிரலை மாறாமல் வரும். மூச்சு விடும் மனிதனின் மார்போ சில மில்லிமீட்டர் எழுந்து தாழ்கிறது. இதயத் துடிப்பின் அசைவு அதனினும் சிறிது. மாறாதவற்றைக் கழித்துவிட்டு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 தடவை மாறிவரும் எதிரலையைக் கணிப்பொறி பிரித்தெடுக்கிறது.

2015ஆம் ஆண்டு நேப்பாள நிலநடுக்கத்தின்போது, சௌதாரா என்னும் ஊரில் செங்கலும் மண்ணும் மரமுமாகக் கிடந்த இடிபாட்டின் கீழ் நான்கு ஆடவரின் இதயத் துடிப்பை, நாசாவின் ஆய்வுக்கூடத்தில் உருவான ‘ஃபைண்டர்’ கருவி கண்டது. இடிபாட்டின் ஆழம் 10 அடி வரை இருந்தது. நால்வரும் உயிருடன் மீட்கப்பட்டனர்.

இந்த வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்துவது மாணவருக்குப் பாதிப் பாடமே. கருவி அசைவை அறியும். அசைவது யார் என்பதை உறுதியாக அறியாது. தவளை அசைந்தாலும் எதிரலை மாறும்.

2024 ஜூலை 30 பின்னிரவில் கேரளத்து வயநாட்டில் மலை சரிந்தது. முண்டக்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் ‘பாடி’ வீடுகளும் அழிந்தன. நான்காம் நாள் ராடார் கருவி மூச்சின் அடையாளம் ஒன்றைக் காட்டிற்று. மீட்போர் மணிக்கணக்காகச் சேற்றைத் தோண்டினர். மனிதர் எவரும் கிடைக்கவில்லை.