எலும்புக்கூட்டைத் தொலைத்த இளவரசி

பாழடைந்த அரண்மனையில் ஒரு பெண் சுருளை விரித்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு தாளை மட்டும் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினால், ‘யாரோ ஜப்பான் ராணி போலிருக்கு’ என்று சொல்லிவிட்டு விருந்தாளி காபியைக் கையில் எடுத்துக்கொள்வார். அவள் படிப்பது மந்திரம். 940-ல் கலகம் செய்து மாண்ட தைரா நோ மசகாதோவின் மகள் தகியாஷா அவள் என்கிறது கதை. மந்திரத்துக்குக் கட்டுப்பட்டு எழுந்த ராட்சத எலும்புக்கூடு திரையை விலக்கி எட்டிப் பார்க்கிறது. ஆனால் அது இருப்பது பக்கத்திலுள்ள மற்ற இரண்டு தாள்களில்!

1840-களில் ஜப்பானிய ஓவியர் குனியோஷி வரைந்த மூன்று தாள் மர அச்சு ஓவியம் இது. மூலக் கதையான சாண்டோ கியோடெனின் 1806-ம் ஆண்டு நாவலில் எலும்புக்கூடுகள் கூட்டமாக வரும். குனியோஷி அத்தனையையும் சேர்த்து ஒரே பூதமாக்கினார். அந்தக் கற்பனைக்காகத்தான் உலகம் இதைத் தேடுகிறது. அதை மூன்றாகப் பிரித்து விற்பதை என்னவென்று சொல்வது?

அச்சுத் தாள் ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் உயரம், 25 சென்டிமீட்டர் அகலம். பெரிய காட்சி வேண்டுமென்றால் தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டியதுதான். ஒட்டாமல் உதிரியாகவே விற்றார்கள். பிரிவதற்கான வழி அப்போதே திறந்துவிட்டது.

புராணக் கதைகளுக்கு அந்தக் காலத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. நாடக நடிகர்களையும் கணிகையரையும் அச்சிடக் கூடாது என்று 1842-ல் அரசு தடை போட்டதும், ஓவியர்கள் பழங்கதைக்குள் புகுந்துகொண்டார்கள். மறு ஆண்டே குனியோஷி, மாவீரன் ரைகோ நோயில் படுத்திருக்க, மண் சிலந்திப் பூதம் அவனுக்குப் பின்னால் எழும்புவதை வரைந்தார். தூங்கும் ரைகோ நாட்டை ஆண்ட ஷோகன்தான், திரண்டு வரும் பேய்கள் அந்தத் தடை போன்ற சீர்திருத்தங்களால் நொந்த மக்கள்தான் என்று ஊரே பேச, பதிப்பாளர் பயந்துபோய்ப் படங்களைத் திரும்பப் பெற்றார். இதுவும் மூன்று தாள்தான். ரைகோவின் தாளை மட்டும் வாங்கினால் காய்ச்சல்காரன் மிஞ்சுவான். கிண்டல் காணாமல் போகும்.

பிரிந்த தாள்களை மறுபடி சேர்ப்பவர்களும் உண்டு. வெவ்வேறு பிரதிகளிலிருந்து ஒவ்வொரு தாளாகப் பொறுக்கி ‘முழுத் தொகுதி’ என்று விற்பார்கள். வாங்குமுன் தாள்கள் சந்திக்கும் விளிம்பைப் பாருங்கள். அச்சுக்காரர் ஒவ்வொரு முறையும் கட்டையில் சாயத்தைக் கையால் துடைத்துத்தான் வண்ணம் படிப்படியாக வெளிறும்படி செய்தார். அதனால் ஒரு தாளில் வானத்தின் கருமை கீழே வரை இறங்கியிருக்கும். பக்கத்துத் தாளில் பாதியிலேயே நின்றுவிடும். வெயில் பட்ட தாளில் சிவப்பு வெளிறியும் இருக்கும். ஓரம் வெட்டப்பட்ட தாளென்றால் ஒருவனின் வாள் முனையே காணாமல் போயிருக்கும்.

ஆரம்பத்திலேயே தாள் தாளாகத்தானே விற்றார்கள், நடுத்தர வருமானக்காரர் வேறெப்படி வாங்குவார் என்று வியாபாரிகள் கேட்பார்கள். நியாயம்தான். அப்படிப்பட்டவர்களுக்கு ஒற்றைத் தாளிலேயே கதை முடிந்துவிடும் படங்கள் இருக்கின்றனவே!

ஓவியர் யோஷிதோஷியின் ‘நிலவின் நூறு தோற்றங்கள்’ அந்த வகை. 1885 முதல் 1892 வரை ஒவ்வொன்றாக வெளிவந்த நூறு படங்கள். சிலவற்றில் நிலவு கண்ணிலேயே படாது. ‘கெஞ்சியின் கதை’ நாவலில் வரும் யூகாவோவின் ஆவியைப் பாருங்கள்: உடல் வழியே சுரைக்கொடி தெரிகிறது. பாழடைந்த வீட்டில், பொறாமை கொண்ட ஆவியொன்றால் ஓரிரவில் உயிர் விட்டவள் அவள். முராசாகி ஷிகிபு பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதியதை ஓவியர் ஒரே தாளில் சொல்லி முடித்துவிட்டார். தனியாக வாங்கினாலும் குறையில்லை.

ஆனால் அங்கேயும் கை வைத்துவிட்டார்கள். நூறையும் சேர்த்துத் தைத்த ஆல்பங்கள் ஏலத்துக்கு வந்தால், நூலை அறுத்துத் தாள் தாளாக விற்பதில்தான் லாபம். பேய்ப் படமும் அழகியும் முதலில் போகும். சீனக் கவிஞர்களும் வயதான போர்வீரர்களும் தேங்கிப்போவார்கள். முழு ஆல்பத்தில் பொருளடக்கத் தாள்களும் இருக்கும். அவற்றைச் சட்டம் போட யார் கேட்கிறார்கள்?