ஏவுகணையை நடுவானில் மறிப்பது ஏன் அரிது?

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையை வழியிலேயே மறித்து அழித்துவிட்டால் தேசம் க்ஷேமமாயிருக்கும் என்ற எண்ணம் இயல்பானதே. ஆயினும் காரியத்தில் அது ஏன் இத்தனை கடினமாகிறது என்பதைப் பௌதிக சாஸ்திரமே விளக்கிவிடுகிறது. ஏறத்தாழ 30 நிமிஷப் பிரயாணத்தின் பெரும்பகுதியைக் காற்றே இல்லாத சூனியத்தில் கழிக்கும் அணுகுண்டோடு, உலோகம் பூசிய மெல்லிய பலூன்கள் சிலவற்றையும் எதிரி அதே வேகத்தில் உதறிவிடுவானாகில், இலேசானதைப் பின்தங்கச் செய்யும் காற்றின் எதிர்ப்பு அங்கே இல்லாமையால், குண்டும் பலூனும் ஒரே பாதையில் ஜோடியாகச் செல்லும். குண்டையே ஒரு பலூனுக்குள் ஒளித்துவிட்டாலோ, ராடார் எதை நம்பும்? வாயுமண்டலத்துள் நுழைந்ததும் பலூன்கள் பின்தங்க, போலி வெளிப்பட்டுவிடும் என்பது உண்மைதான்; ஆனால் அப்போது மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு நிமிஷமே.

ஒருவர் கேடயத்தைப் பெருக்கினால் மற்றவர் ஈட்டியைப் பெருக்குவார் என்பதை உணர்ந்தே, 1972-ல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் இத்தகைய தற்காப்புக்கு வரம்பு கட்டி உடன்படிக்கை செய்துகொண்டன. 2002-ல் அமெரிக்கா அதிலிருந்து விலகிக்கொண்டது. குறுகிய தூர ராக்கெட்டுகளைத் தடுத்து ஜனங்களின் உயிரைக் காக்கும் சாதனங்களை நான் மனமார வரவேற்கிறேன்; ஆனால் அணுவாயுத வல்லரசுகளுக்கிடையே, நிச்சயமற்ற ஒரு கேடயத்துக்காக நிச்சயமான ஓர் உடன்படிக்கையைத் துறந்தது பெரும் பிழையே.