படகு இயந்திரத்தின் புகைவழி

தரையில் ஓடும் மோட்டார் வண்டியின் புகைக்குழாய் ஓட்டையானால் தெருவே திரும்பிப் பார்க்கும். பெரும்பாலும் அதற்கு மேல் தீங்கு நேர்வதில்லை. கடலிற் செல்லும் படகிலோ அதே பழுது இயந்திரத்திற்குள் கடல்நீரைப் புகுத்தவும், அறைக்குள் உறங்குவோரை மீண்டும் எழாதவாறு செய்யவும் வல்லது. ஆயினும் அப்பழுதினைப் படகுக்காரரே அறிந்துகொள்ளலாம். பெரும்பகுதியைத் தம் கையாலேயே சீர்செய்தும் கொள்ளலாம். அதற்கு வேண்டுவன ஸ்பேனர், சுரண்டி, பொறுமை ஆகியவற்றோடு பள்ளியில் கற்ற பௌதிகத்தில் இரண்டொரு பாடங்களுமே.

‘புகைபோக்கி’ என்னும் சொல் அடுக்களைக் கூரைக்கு நன்கு பொருந்தும். சிறு டீசல் படகுகள் பலவற்றில் அக்குழாய் புகையோடு நீரையும் சேர்த்தே வெளியேற்றுவதால், ‘புகைவழி’ என்று பொதுவாகச் சொல்வது தகும்.

புகைவழி இருவகைப்படும். மீன்பிடிப் படகுகளில் குழாய் நேரே மேலெழுந்து, கூரைக்கு மேல் புகையை விடுவதைக் காணலாம். இஃது உலர்வழி. கட்டமைப்பு எளிது, ஆனால் சூடும் ஓசையும் மிகுதி. மற்றது ஈரவழி. அறையுடைய உல்லாசப் படகுகளிலும் பாய்மரப் படகுகளிலும் உள்ளே பொருத்தப்பட்ட டீசல் இயந்திரங்களுக்கு இதுவே பெரும்பான்மை. பழுது மிகுதியாக நேர்வதும் இதில்தான்.

இயந்திரத்தை விட்டு வெளிவரும் புகை, முழு வேலையின்போது 400 டிகிரி செல்சியசுக்கு மேலும் சூடாக இருக்கும். மோட்டார் வண்டியின் அடியில் ஓடும் காற்று அக்குழாயை ஆற்றிவிடுகின்றது. மூடிய படகின் வயிற்றிலோ காற்றோட்டம் இல்லை. சுற்றிலும் மரமும் இழைக்கண்ணாடியும் எண்ணெய்க் குழாய்களுமே. ஆதலின் இயந்திரத்தைக் குளிர்வித்துவிட்டு வெளியேறும் கடல்நீரை வீணாக்காமல், புகை வளைந்து இறங்கும் முழங்கைக் குழாயில் அதனைப் பீய்ச்சுகின்றனர். நீர் பட்டதும் சூடு சட்டெனத் தணிகின்றது. அதற்கப்பால் ரப்பர் குழாயே போதுமானதாகின்றது. நீரும் புகையும் கலந்து தாழ்வான இடத்திலுள்ள நீர்த்தொட்டிக்குள் விழ, பின்வரும் புகையின் அழுத்தம் அந்நீரை மேலே தள்ளிப் படகின் பின்புறத் துளை வழியாக வெளியேற்றுகின்றது. படகின் பின்னாலிருந்து விட்டுவிட்டு நீர் துப்பப்படும் ஓசை இதனால் எழுவதே. நீர்த்தொட்டியே ஓசையடக்கியாகவும் பயன்படுகின்றது. ஒரே நீருக்கு மூன்று வேலை வாங்கும் இவ்வமைப்பு மெச்சத்தக்கது.

ஆனால் எல்லாத் துன்பமும் முழங்கைக் குழாயின் தலைமேல் விழுகின்றது. சூடு, உப்பு, ஈரம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும் இடம் அஃது ஒன்றே. டீசலிலுள்ள கந்தகம் எரிந்து நீரோடு சேர்ந்து அமிலமாகவும் மாறுகின்றது. வார்ப்பிரும்பு உள்ளிருந்து அரிக்கப்படுகின்றது. நீர் பீய்ச்சும் துளையருகே கரியும் உப்பும் படிந்து வழியை நெருக்குகின்றன. படகைக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவோருக்கும், மின்கலத்தை ஏற்றுவதற்காக நங்கூரமிட்ட நிலையில் இயந்திரத்தை ஓட்டுவோருக்கும் இக்கரி விரைவில் சேரும். வேலையின்றி ஓடும் டீசல் இயந்திரம் எரிபொருளை முற்ற எரிப்பதில்லை.

அடைப்பு உண்டாயிற்று என்பதை இயந்திரமே அறிவிக்கும். முன்பு எட்டிய வேகத்தை இப்போது எட்டாது, கரும்புகை தள்ளும், வெளிவரும் நீர் குறைந்து ஆவி மிகும். ஓட்டையாயின், இணைப்பைச் சுற்றிக் கரித்தூள் படியும், துருநீர் வழிந்த கோடு தெரியும், உப்புப் பூக்கும். இயந்திர அறைக்கு வெள்ளை வண்ணம் பூசும் பழைய வழக்கம் எவ்வளவு அறிவுடையது என்பது அப்போது விளங்கும்.

பழுது பார்க்கையில் முதலில் இயந்திரம் ஆறியிருத்தல் வேண்டும். கடல்நீர் வால்வும் மூடியிருத்தல் வேண்டும். பழைய ரப்பர் குழாய் இரும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் அதனை இழுத்துப் போராடாமல் நெடுக்குவாக்கில் கத்தியால் கீறி எடுப்பதே நன்று. அத்தகைய குழாய் மாற்ற வேண்டியதே. துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றுவதில்தான் அவசரக்காரர் தோற்கின்றனர். ஊடுருவும் எண்ணெயை முதல்நாளே விட்டு ஊறவைத்து, மறுநாள் சிறிது முறுக்கிப் பின் சிறிது தளர்த்தி, மீண்டும் எண்ணெய் விட்டு, இவ்வாறு மெல்ல மெல்லக் கழற்ற வேண்டும். இயந்திரத்திற்குள் ஒரு போல்ட்டு முறிந்துவிட்டால் அரைநாள் வேலை அரைமாத வேலையாகிவிடும்.

கழற்றிய முழங்கையை வெளித்தோற்றம் கண்டு நம்புதல் கூடாது. பலவற்றில் புகைக்கு ஒரு வழியும் அதனைச் சூழ நீருக்கு ஒரு வழியுமாக இரட்டைச் சுவர் உண்டு. இடைச்சுவர் பொத்தலானால் வெளியே ஒரு சொட்டும் கசியாது. ஆனால் இயந்திரம் நின்றபின் நீர் பின்னோக்கி வடிந்து வால்வுகளைச் சேரும். கரியைச் சுரண்டி நீக்கியபின், நீர்வழியின் ஒருபுறத்தை அடைத்து மண்ணெண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் நிறுத்திவைத்தால், நீரினும் எளிதில் ஊடுருவும் அவ்வெண்ணெய் மறைந்த பொத்தலைக் காட்டிக் கொடுக்கும். திருப்புளியின் முனையால் ஓங்கித் தட்டினால் உள்ளே அமுங்கும் சுவரை வைத்துக்கொள்வதில் பயனில்லை. புதிய முழங்கையின் விலை சிறிதன்று. ஆயினும் இயந்திரத்தைப் பிரித்துச் செப்பனிடும் செலவோடு ஒப்பிடுகையில் அது மிகச் சிறிது.

தாமே குழாய் அமைத்துக்கொள்வோரும் உளர். மரையிட்ட தடித்த கறுப்பிரும்புக் குழாய்களை இணைத்துச் சில ஆண்டுகள் ஓட்டிப் பின் கழித்துவிடுவது நெடுங்கடல் படகோட்டிகளிடையே வழங்கிவந்த முறை. பளபளக்கும் துருப்பிடிக்கா எஃகினும் இஃது ஒருவகையில் நேர்மையானது. இரும்பு பரவலாகத் துருவேறித் தன் முடிவை முன்னறிவிக்கும். எஃகோ பற்றவைத்த ஓரங்களில் சூடான உப்புநீரால் ஊசித்துளையாக அரிக்கப்பட்டு, முன்னறிவிப்பின்றிக் கைவிடும். பித்தளையையும் செம்பையும் நீர் சேருமுன் உள்ள சூடான பகுதியில் பயன்படுத்தவே கூடாது. டீசல் புகையின் கந்தகம் அவற்றை அரித்துவிடும். துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைப்பது மற்றொரு பிழை. அதிலிருந்து எழும் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் காணும்.

மோட்டார் வண்டிக் கடையில் விற்கும் ஓட்டையடைக்கும் பசையும் சுற்றுப்பட்டையும் கரை சேருமளவும் உதவும் முதலுதவியே. சூட்டில் இறுகும் பசை அதிர்வில் வெடிக்கும். ஈரப்பகுதியில் ஊறிக் கழன்றுவிடும். ரப்பர் குழாயும் படகின் புகைவழிக்கென்றே கம்பி வலையோடு செய்ததாக இருத்தல் வேண்டும். நீர்மட்டத்திற்குக் கீழுள்ள ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு கிளிப்புகள் போடுவது நல்ல வழக்கம். கிளிப்பின் பட்டை உயர்ந்த எஃகாகவும் அதன் திருகாணி மட்டும் மட்டமானதாகவும் விற்கப்படுவதுண்டு. முதலில் துருப்பிடித்து அறுவது அத்திருகாணிதான். 316 வகை எஃகினால் முழுதும் ஆனதைக் கேட்டு வாங்க வேண்டும். உலர்பகுதிக்குக் கண்ணாடியிழைத் துணி சுற்றலாம். பழைய படகுகளில் கல்நார் சுற்றியிருந்தால் அதனை உரித்துத் தூசெழுப்புதல் நுரையீரலுக்குக் கேடு. அப்பணியைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே முறை.

வாளித் தண்ணீரை வளைகுழாயால் கீழிறக்கிக் காட்டும் வகுப்பறைச் சோதனையை ஆசிரியர் பலரும் செய்திருப்பர். அதே சைபன் விதி படகில் பகையாகின்றது. நீர் பீய்ச்சும் இடம் கடல்மட்டத்திற்குக் கீழோ, அதற்குச் சற்றே மேலோ இருந்தால், இயந்திரம் நின்றபின்னும் கடல்நீர் தானே ஓடிவந்து நீர்த்தொட்டியை நிரப்பிப் பின் இயந்திரத்திற்குள் ஏறும். இதனைத் தடுக்க, நீர்க்குழாயைக் கடல்மட்டத்திற்கு மேல் 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் உயர்த்தி வளைத்து, வளைவின் உச்சியில் காற்று புகும் சிறு வால்வு ஒன்று வைப்பர். காற்று புகுந்தால் சைபன் அறும். அச்சிறு வால்வில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்வதும், அதனை ஆண்டுக்கணக்கில் எவரும் திறந்து பாராததும் வழக்கமான கதை. கழற்றி நன்னீரில் கழுவ ஐந்து நிமிடம் போதும்.

இன்னொரு வழியிலும் நீர் உட்புகும். கிளம்ப மறுக்கும் இயந்திரத்தை மீண்டும் மீண்டும் சுழற்றினால், ஒவ்வொரு சுழற்சியிலும் பம்பு நீரை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனை வெளியே தள்ளும் புகையோ இராது. தொட்டி நிரம்பியபின் நீர் சிலிண்டருக்குள் செல்லும். காற்றைப்போல் நீர் சுருங்காது. ஆதலின் பிஸ்டன் மேலெழும் வேகத்தில் இணைப்புத்தண்டு வளைந்துவிடும். நெடுநேரம் சுழற்ற நேர்ந்தால் கடல்நீர் வால்வை மூடிவைத்து, இயந்திரம் பற்றிக்கொண்ட நொடியே திறக்க வேண்டும். தொட்டியின் அடித்திருகைக் கழற்றி நீரை வடித்துவிடுவதும் நன்று. திறக்க மறந்தால் பம்பின் ரப்பர்ச் சக்கரம் எரிந்துபோகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உயிருக்குரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இஃது இணைகின்றது. 1895-இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர் இவ்வாயுவைத் தாமே சுவாசித்துத் தம் உடலில் நேர்ந்த மாறுதல்களைப் பதிவுசெய்தார். பெட்ரோல் இயந்திரத்தில் இது மிகுதி, டீசலில் குறைவு. குறைவு என்பது இல்லை என்பதாகாது. அமெரிக்காவின் பவல் ஏரியில் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில், வீட்டுப்படகொன்றின் பின்புறம் நீந்திய சகோதரச் சிறுவர் இருவர் மாண்டனர். மின்னாக்கியின் புகை, பின்மேடைக்கு அடியிலிருந்த வெற்றிடத்தில் விடப்பட்டிருந்தது. திறந்த வெளியில், நீர்நடுவில் நச்சுப்புகை தேங்கும் என்று எவர் எண்ணுவர்? தலைவலியும் குமட்டலும் கண்டவுடன் கடல்நோய் என்று படுத்துக்கொள்ளாமல் வெளிக்காற்றுக்கு வருதல் வேண்டும். உறங்கும் அறையில் இவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி ஒன்றும் வேண்டும்.

வேலை முடிந்து இயந்திரத்தைக் கிளப்பியதும் முதலில் பார்க்க வேண்டிய இடம் படகின் பின்புறம். நீர் வருகின்றதா என்று நோக்குக. வராவிடில் உடனே நிறுத்துக. அடுத்து, முழங்கைக்கு அப்பாலுள்ள ரப்பர் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். நன்கு நீர் ஓடும் குழாயின்மேல் கையை வைத்திருக்க முடியும். இணைப்புகளைச் சுற்றிச் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகின்றதா என்பதை இயந்திரம் சூடேறுமுன் காணலாம். சில மணிநேரம் ஓடி ஆறியபின் புதிய கேஸ்கட்டு சற்று அமுங்கியிருக்கும். போல்ட்டுகளை மறுமுறை முறுக்கிவிட வேண்டும்.