வீட்டு அலுவலகத்துக்கு ஒரு மேசைக்கணினி

வெளியூர் சென்று வேலை பார்க்க முடியாத பெண்களுக்கு, வீட்டு மூலையில் வைக்கும் ஒரு மேசைக்கணினியே தொழில் இடமாகிவிடும். கடைக் கணக்கு எழுதுதல், தமிழ்த் தட்டச்சு, இணையவழி வகுப்பு எல்லாவற்றையும் நிந்தவூரில் இருந்தபடியே செய்யலாம். ஆனால் அதற்கான காசு பெரும்பாலும் சீட்டிலிருந்தோ நகையிலிருந்தோ வருவது; அடிக்கடி கைக்கு வராது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பவள் என்பதால், எங்கள் ராத்தாவின் சீட்டுக் காசுக்குக் கணினி தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்போது நான் பார்த்த விடயங்களை மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

கடைக்குப் போகுமுன் செய்யப்போகும் வேலையை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ராத்தாவின் தாளில் இருந்தவை மூன்றுதான்: கணக்குப் பதிவு, தட்டச்சு, சூம் வகுப்பு. இவற்றுக்கு விலை கூடிய கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. அது விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் உரியது. அதைத் தவிர்த்தாலே பெருந்தொகை மிஞ்சும்.

அதே காசுக்கு மடிக்கணினியை விட மேசைக்கணினி வேகமாக இருக்கும். விசைப்பலகை பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். நினைவகம் போதாவிட்டால் பிறகு கூட்டலாம். பெரிய நிறுவனங்கள் பாவித்துவிட்டு விற்கும் டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்சென்டர் போன்றவை நாள் முழுவதும் இயங்கவென்றே செய்யப்பட்டவை. குறைந்த காசில் பெயர் தெரியாத புதுப்பெட்டி வாங்குவதிலும் இவை மேல்.

ஆனால் பாவித்த கணினியில் வயதுதான் முக்கியம். விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் கோர் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். தலைமுறையை அறிவது எளிது. ஐ5-8500 என்றால் கோட்டுக்குப் பின்னுள்ள 8 தலைமுறையைக் குறிக்கும். ஐ5-6500 ஆறாம் தலைமுறை. ஐ5-12400 பன்னிரண்டாம் தலைமுறை. “ஐ5 மெஷின்” என்று மட்டும் கடைக்காரர் சொன்னால் முழு இலக்கத்தையும் கேளுங்கள். பழைய கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட், லிப்ரே ஒபிஸ் இரண்டும் இலவசம். தட்டச்சுக்கும் கணக்குக்கும் போதும்.

நினைவகம், அதாவது ராம், 8 ஜி.பி.க்குக் குறையக்கூடாது. சேமிப்புக்குச் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. கேளுங்கள். பழைய கணினி புதியதுபோல விரைவாகத் திறப்பது பெரும்பாலும் இதனால்தான்.

பாவித்த அலுவலகக் கணினிகள் பலவற்றில் வைபை இருக்காது. மேசைக்கணினியில் கமராவும் மைக்கும் பொதுவாக இல்லை. இணையவழி வகுப்பு நடத்துபவர் இவற்றையும் செலவில் சேர்க்க வேண்டும். கைவசமுள்ள காசைப் பத்துப் பங்காக்கி, ஆறைப் பெட்டிக்கும், மீதி நான்கைத் திரை, யூ.பி.எஸ்., மற்றச் சில்லறைப் பொருட்களுக்கும் நாங்கள் ஒதுக்கினோம்.

யூ.பி.எஸ். ஆடம்பரப் பொருளன்று. 2022-இல் 13 மணிநேர மின்வெட்டையும் நாம் கண்டிருக்கிறோம். சிறிய யூ.பி.எஸ். அவ்வளவு நேரம் தாங்காது. செய்த வேலையைச் சேமித்து, கணினியை முறையாக அணைக்கச் சில நிமிடங்கள் தரும். பாதி எழுதிய கணக்கைக் காப்பாற்ற அது போதும். அதன் பற்றரியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மின்கட்டணத்தையும் கணக்குப் பார்த்தோம். சிறிய அலுவலகக் கணினியும் திரையும் சேர்ந்து சுமார் 50 வாட் எடுத்தால், நாளுக்கு 8 மணிநேரத்துக்கு 0.4 அலகு; மாதத்துக்கு 12 அலகு. நமது கட்டண முறையில் பாவனை கூடும்போது அலகின் விலையும் கூடுவதால், இந்த 12 அலகு வீட்டுப் பட்டியலை எந்தப் படிக்குக் கொண்டுபோகும் என்று பாருங்கள்.

கடையில் காசு கொடுக்குமுன் இவற்றைச் சரிபாருங்கள். டாஸ்க் மனேஜரில் புரொசசரின் இலக்கம், ராமின் அளவு, டிஸ்க்கின் வகை மூன்றும் தெரியும். விண்டோஸ் முறையாக ஆக்டிவேட் ஆகியுள்ளதா என்பதை செட்டிங்ஸில் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கணினியாயின், அதன் பவர் சப்ளை நமது 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்பதை ஒட்டியுள்ள லேபலில் வாசியுங்கள். மின்னிணைப்பைக் கழற்றி மீண்டும் போட்டதும் திகதி பின்னோக்கிப் போனால், உள்ளிருக்கும் நாணய வடிவப் பற்றரி முடிந்துவிட்டது. அது மலிவானது, மாற்றித் தரக் கேளுங்கள். உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது.

வீட்டுக்கு வந்தபின் இன்னொரு கவனம் வேண்டும். நமது கரையோரக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. அவை உலோகத்தை அரிக்கும். கடற்பக்கம் திறந்த யன்னலுக்கு நேரே கணினியை வைக்காதீர்கள். நிலத்திலிருந்து உயர்த்தி, தூசியை அவ்வப்போது துடையுங்கள். இடிமின்னல் வேளையில் கணினியின் மின்னிணைப்பையும் இணைய வயரையும் கழற்றிவிடுங்கள்.

ராத்தாவுக்கு வாங்கியது ஐ5 எட்டாம் தலைமுறைப் பாவித்த பெட்டி. பளபளப்பு இல்லை; பக்கத்தில் ஒரு கீறலும் உண்டு. ஆனால் தாளில் எழுதிய மூன்று வேலைகளையும் தடையின்றிச் செய்கிறது. கையிலுள்ள காசுக்குக் கணினியிடம் நாம் கேட்க வேண்டியதும் அதுதான்.