குடிமகன் உண்டு, ஓட்டு இல்லை!

தோழர்களே, 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா பறித்த தீவு போர்ட்டோ ரிக்கோ. 1917-ல் குடியுரிமை கொடுத்தார்கள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு? இன்றுவரை இல்லை! முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு அமெரிக்கக் காங்கிரசில் ஒரே ஒரு பிரதிநிதி. அவர் பேசலாம், மசோதா சபையில் வாக்கெடுப்புக்கு வந்தால் கைகட்டி நிற்க வேண்டும்! வியட்நாம் போருக்கு ஆள் பிடித்தபோது மட்டும் அந்தத் தீவு நினைவிலிருந்தது.

வேடிக்கையைக் கேளுங்கள்: அதே தீவுத் தொழிலாளி ப்ளோரிடாவில் குடியேறினால் ஓட்டு வந்துவிடும், திரும்பினால் போய்விடும். ஓட்டு மனிதனுக்கா, மண்ணுக்கா?

அமெரிக்க சமோவாவில் பிறந்தோருக்குப் பிறப்பால் குடியுரிமையே கிடையாது. (நில உரிமைக்கு ஆபத்தென்று அஞ்சி அத்தீவின் அரசே அதை எதிர்த்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.) அவர்களிற் சிலர் 2022-ல் உச்சநீதிமன்றப் படியேறினர், வழக்கை விசாரிக்கவே மறுத்துவிட்டது நீதிமன்றம்.