கடல் தின்ற கரையும் கதையில் வந்த ஊரும்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்குமுகத்திற்குக் காற்று வாங்கப் போகும் நம்மவர்கள், அப்படியே தெற்கே நடந்து வலியதுறைக் கடல்பாலத்தையும் பார்த்து வருவதுண்டு. 2021 மே மாதக் கடல் சீற்றத்தில் அந்தப் பாலத்தின் ஒரு பகுதி அமிழ்ந்து சாய்ந்தது. சங்குமுகம் சாலையையும் அலை அறுத்தது. கரையோரம் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் வலியதுறைச் சிமெண்ட் கிடங்கிற்குள் பலகையையும் துணியையும் மறைப்பாகக் கட்டி, ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்தின.

அந்தக் கிடங்கைக் கண்டவர்களுக்கு ஆக்டேவியா பட்லரின் நாவல் வெறும் கற்பனையாகத் தோன்றாது. 'பாரபிள் ஆஃப் த சோவர்' என்பது அதன் பெயர். விதைக்கிறவனைப் பற்றி ஏசுநாதர் சொன்ன உவமைதான் தலைப்பு. 1993ல் வெளிவந்தது. கதை தொடங்குவதோ 2024ல்.

கலிபோர்னியாவில் ஆறேழு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் மழை. தண்ணீர், பெட்ரோலைவிட விலை கூடுதல். வீட்டுக்கு வீடு துப்பாக்கி; தெருவைச் சுற்றி மதில். அந்த மதிலுக்குள் ஒரு பாதிரியாரின் மகளாக வளர்கிறாள் லாரன். பிறர் படும் வலியைத் தன் உடம்பிலேயே உணரும் விசித்திர நோய் அவளுக்கு. மதில் ஒருநாள் இடியும் என்று அவள் சொன்னபோது பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் மட்டும் ஒரு மூட்டை கட்டி வைக்கிறாள். அதில் பணமும் துணியும் போக, விதைகளும் உண்டு.

மதில் இடிகிறது. குடும்பம் அழிகிறது. பதினெட்டு வயதுப் பெண், இரண்டு அண்டை வீட்டாருடன் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி நடக்கிறாள். வழியில் சேருகிறவர்கள் வெவ்வேறு நிறம், வெவ்வேறு இனம். மாற்றத்தையே தெய்வமாகக் கொண்ட ஒரு புது நெறியை அவர்களுக்குச் சொல்கிறாள். கேட்டதைக் கொடுக்கும் தெய்வமல்ல அது; மனிதன் தன் உழைப்பால் வடிவம் கொடுக்க வேண்டியது. கடைசியில் ஓரிடத்தில் தங்குகிறார்கள். இறந்தவர்களை நினைத்து ஓக் மரக் கொட்டைகளை மண்ணில் புதைக்கிறார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை என்று மூடி வைத்திருக்கலாம். 1998ல் வந்த இரண்டாம் பாகம் உறங்க விடாது. மதப் பிரசங்கி ஒருவர் நாட்டின் தலைவராகிறார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் லாரனின் குடியிருப்பைச் சிறை முகாமாக்கி, குழந்தைகளைப் பிரித்துக் கொண்டு போகிறார்கள். எல்லாம் கடவுளின் பெயரால்தான். பஞ்சம் வந்த ஊரில் வெறிக்கு ஆள் சேர்ப்பது சுலபம் என்பதை பட்லர் அறிந்திருந்தார்.

பட்லர் 1947ல் பிறந்த கறுப்பினப் பெண். தாயார் வீட்டு வேலை செய்து வளர்த்தார். பாத்திரம் கழுவுவது, தொலைபேசியில் சரக்கு விற்பது, தொழிற்சாலையில் உருளைக்கிழங்கு வறுவலைப் பொறுக்கிச் சோதிப்பது என்று பல வேலைகள் பார்த்தவர். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போவார். சாலை பஜார் கணக்குப்பிள்ளைகளில் இப்படி யாரேனும் இருந்தால் மனம் தளர வேண்டாம்! பட்லர் 2006ல் காலமானார். இந்த நாவல் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது 2020ல்.

கதையில் 2025 பிப்ரவரி முதல் தேதியன்று ஒரு தீ விபத்து வருகிறது. நிஜத்தில் அதே ஆண்டு ஜனவரியில், அவர் அடக்கம் செய்யப்பட்ட ஆல்டடீனா ஊரே பற்றி எரிந்தது. இதை ஜோசியம் என்பார்கள். பத்திரிகைச் செய்திகளை வெட்டி வைத்து, ஒன்றோடொன்று கூட்டிப் பார்த்தவர் அவர், அவ்வளவுதான்.

நம் பக்கத்திலும் 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தது. சபரிமலைக்குப் பெண்கள் போவது பற்றி வழக்கு நடப்பதால் ஐயப்பனுக்குக் கோபம் என்றார்கள் சிலர். மாட்டிறைச்சி தின்றதற்குத் தண்டனை என்றார்கள் வேறு சிலர். கழுத்தளவு நீரில் நின்றவனுக்கு இந்தப் பேச்சு எதற்கு? அதே வாரத்தில் திருச்சூர் மாவட்டம் மாளா அருகே, பள்ளிவாசல் நீரில் மூழ்கிவிட்டதால் பக்ரீத் தொழுகைக்குக் கோயில் மண்டபத்தைத் திறந்து கொடுத்தார்கள்.

பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் படகுகள் லாரியேறிச் செங்கன்னூருக்குப் போயின. பூந்துறை 1992ல் மதக் கலவரம் கண்ட ஊர். ஓட்டியவர்களில் பலர் நம் கன்னியாகுமரிக் கரையோடு கொண்டு கொடுத்து உறவுள்ளவர்கள். எட்டு மாதத்திற்கு முன்புதான் ஒக்கிப் புயலில் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்திருந்தார்கள். அரசுக் கணக்கில் 600க்கு மேற்பட்ட படகுகள், காப்பாற்றப்பட்டவர்கள் சுமார் 65,000 பேர். ஒரு படகிற்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, உயிரைக் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்று பலர் மறுத்தார்கள்.

நான்கு ஆண்டு கழித்து, 2022ல் இந்தக் கரைக்காரர்கள் விழிஞ்ஞம் துறைமுக வாசலில் மாதக்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கிடங்கில் கிடக்கும் குடும்பங்களுக்கு வீடு.