மின்னஞ்சல் விளம்பரமும் வாடிக்கையாளர் இசைவும்: திருத்தணி – கே.ஜி.கண்டிகை வட்டாரச் சிறுவணிகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வேண்டா மின்னஞ்சலைத் தடுப்பதற்கெனத் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. ஆயினும் 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளரின் முகவரியை விளம்பரத்திற்குப் பயன்படுத்துவதற்கு அவரது இசைவை அடிப்படையாக்குகிறது. அயல்நாட்டு வாடிக்கையாளருக்கு அஞ்சல் அனுப்புவோரை அந்நாட்டுச் சட்டங்களும் தொடுகின்றன. இவ்விரு நிலைகளையும் விளக்கி, சிறுவணிகம் ஒன்று செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களையும், இசைவு கோரும் அறிவிப்பின் மொழி பெறும் இன்றியமையாமையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எரிதம், இசைவு, தனிநபர் தரவு, மின்னஞ்சல் விளம்பரம், எல்லை வட்டாரம், அறிவிப்பு மொழி.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்தது திருத்தணி வட்டாரம். முருகன் மலைக்கோயிலுக்கு வரும் அடியார்களை நம்பித் தங்கும் விடுதிகளும் கடைகளும் இங்கு நடக்கின்றன. அருகிலுள்ள பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை ஆகிய ஊர்களில் விசைத்தறி நெசவு பலருக்கு வாழ்வாதாரம். திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற சிற்றூரிலிருந்தும் ஒருவர் இன்று இணையவழியே லுங்கியும் துண்டும் விற்க இயலும். சிங்கப்பூரிலோ கனடாவிலோ வாழும் தமிழர் அவற்றை வாங்கவும் இயலும். இத்தகைய வணிகர் தம் பழைய வாடிக்கையாளர் அனைவருக்கும் ஆடிக்கிருத்திகைத் தள்ளுபடியை அறிவித்து ஒரே நேரத்தில் மின்னஞ்சல் விடுக்கிறார் எனக் கொள்வோம். அச்செயல் எப்போது முறையான விளம்பரம், எப்போது சட்டமீறல் என்பதே இக்கட்டுரையின் வினா.

1. எரிதம்: சொல்லும் பொருளும்

பெறுநர் கேளாமலே திரளாக அனுப்பப்படும் வணிக மின்னஞ்சலை ஆங்கிலத்தில் ‘ஸ்பேம்’ என்பர். தமிழில் எரிதம், குப்பை அஞ்சல், வேண்டா அஞ்சல் ஆகிய சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் ‘வேண்டா அஞ்சல்’ என்பது சட்டத்தின் உட்கருத்தை நன்கு காட்டுகிறது. அஞ்சலின் உள்ளடக்கம் நல்லதா தீயதா என்பதன்று, பெறுநர் அதனை வேண்டினாரா என்பதே முதன்மை வினா. உண்மையான பொருளை நியாயமான விலைக்கு விற்பவரின் அஞ்சலும், பெறுநர் வேண்டாதபோது எரிதமாகிவிடும்.

2. இந்தியச் சட்டநிலை

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 66ஏ பிரிவு, பிறருக்கு எரிச்சலோ இடையூறோ விளைவிக்கும் நோக்கில் மின்னஞ்சல் அனுப்புவதையும், அனுப்பியவர் யார் என்பதில் பெறுநரை ஏய்ப்பதையும் குற்றமாக்கியிருந்தது. ‘எரிச்சல்’ போன்ற சொற்கள் வரையறையற்றவை, அவை கருத்துரிமையை நசுக்கும் எனக் கண்ட உச்ச நீதிமன்றம், சிரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று அப்பிரிவு முழுவதையும் நீக்கியது. கருத்துரிமை காக்கப்பட்ட அதே தீர்ப்பால், வேண்டா மின்னஞ்சலை நேரடியாகத் தொட்ட விதியும் மறைந்தது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் வகுத்த வணிகத் தொடர்பு ஒழுங்குமுறைகள் தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்குமே உரியவை. 1909 என்ற எண்ணில் பதிந்துகொண்டவருக்கும் மின்னஞ்சல் விளம்பரத்திலிருந்து அவை காப்பளிப்பதில்லை.

இவ்விடைவெளியை இப்போது ஓரளவு நிரப்புவது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒருவரை அடையாளம் காட்டும் மின்னஞ்சல் முகவரி தனிநபர் தரவாகும். தாளில் பெற்றுப் பின்னர்க் கணினியில் ஏற்றிய தரவும் இச்சட்டத்திற்கு உட்பட்டதே. ஆகவே விடுதியின் வருகைப் பதிவேட்டிலிருந்து தட்டச்சுச் செய்து திரட்டிய பட்டியலுக்கும் விலக்கில்லை. ஒருவர் தாமே பொதுவெளியில் வெளியிட்ட தரவுக்குச் சட்டம் விலக்களிக்கிறது.

இச்சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி இசைவு என்பது தன்விருப்பமானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்திற்குரியதாகவும், அறிந்து அளித்ததாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்திற்கு இடமற்றதாகவும், தெளிவான செயலால் வெளிப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். அளித்த இசைவை எப்போதும் திரும்பப் பெறலாம். அளிப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருத்தல் வேண்டும். இசைவு முறையாகப் பெறப்பட்டதா என்ற வழக்கு எழுமாயின், மெய்ப்பிக்கும் பொறுப்பு வணிகருடையது.

வாடிக்கையாளர் ஒரு நோக்கத்திற்காகத் தாமே முன்வந்து தரவு அளித்தால், அந்நோக்கத்திற்கு மட்டும் அதனைப் பயன்படுத்தச் சட்டம் இடமளிக்கிறது. பற்றுச்சீட்டை அனுப்புவதற்காகத் தந்த முகவரிக்குப் பற்றுச்சீட்டை அனுப்பலாம். அடுத்த மாதத் தள்ளுபடி அறிவிப்பு வேறு நோக்கம். அதற்குத் தனி இசைவு தேவை. சிறுவணிகர் பெரும்பாலும் தவறக்கூடிய இடம் இதுவே.

இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இசைவு, அறிவிப்பு உள்ளிட்ட முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. தரவைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரையிலும், தனியே குறிப்பிடப்படாத பிற மீறல்களுக்கு 50 கோடி ரூபாய் வரையிலும் தண்டத்தொகை விதிக்கலாம். இவை உச்சவரம்புகளே. மீறலின் தன்மை, கடுமை, கால அளவு முதலியவற்றை வாரியம் கருத்திற்கொள்ளும். எனினும் சிறுவணிகர் என்பதாலேயே கடமை நீங்கிவிடாது.

3. அயல்நாட்டுச் சட்டங்கள்

அயல்நாட்டு வாடிக்கையாளருக்கு எழுதுவோர் இரு வேறு நெறிகளை அறிதல் வேண்டும். முதலாவது விலகல் நெறி: முதலில் அனுப்பலாம், பெறுநர் மறுத்தால் நிறுத்த வேண்டும். இரண்டாவது முன்னிசைவு நெறி: இசைவு பெற்ற பின்னரே அனுப்ப வேண்டும்.

அமெரிக்காவில் 2004 முதல் நடைமுறையிலுள்ள சட்டம் விலகல் நெறியைச் சார்ந்தது. பொய்யான தலைப்பு கூடாது. அனுப்புநரின் அஞ்சல் முகவரி இடம்பெற வேண்டும். விலகல் கோரிக்கையை 10 வேலைநாள்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். சிங்கப்பூரின் 2007ஆம் ஆண்டுச் சட்டமும் இந்நெறியினதே. 24 மணி நேரத்தில் 100க்கு மேலாகவோ, 30 நாள்களில் 1,000க்கு மேலாகவோ, ஓராண்டில் 10,000க்கு மேலாகவோ அனுப்புவது அங்குத் திரள் அஞ்சலாகக் கருதப்படும். கேளாது அனுப்பும் திரள் விளம்பரத்தின் தலைப்பில் ‘ஏ.டி.வி.’ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளாலான அடையாளத்தை இடுதல் வேண்டும்.

கனடாவில் 2014 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டம் முன்னிசைவு நெறியைச் சார்ந்தது. கனடாவிலுள்ள கணினியில் அஞ்சல் திறக்கப்பட்டாலே அச்சட்டம் பொருந்தும். பொருள் வாங்கியவரிடம் 2 ஆண்டுகளுக்கும், விசாரித்தவரிடம் 6 மாதங்களுக்கும் உய்த்துணரும் இசைவு இருப்பதாகக் கொள்ளப்படும். அதன்பின் வெளிப்படையான இசைவு வேண்டும். நிறுவனங்களுக்கான தண்டத்தொகை 1 கோடி கனடிய டாலர் வரை செல்லலாம். ஆகவே டொராண்டோவிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரேயொரு முறை லுங்கி வாங்கியவருக்கு இன்று விளம்பரம் அனுப்புவது, அனுப்புபவர் கே.ஜி.கண்டிகையில் இருந்தாலும், அந்நாட்டுச் சட்டத்திற்கு முரணாகலாம்.

4. அறிவிப்பின் மொழி

இசைவு கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்கு அளிக்க வேண்டும் என்கிறது இந்தியச் சட்டம். தமிழும் தெலுங்கும் அவ்வட்டவணையில் உள்ளன. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த திருத்தணி வட்டாரத்தில் இவ்விரு மொழிகளும் இன்றும் அருகருகே வழங்குகின்றன. எனவே இங்குள்ள வணிகர்க்கு இவ்விதி நாள்தோறும் எதிர்ப்படுவது.

அறிந்து அளித்த இசைவே இசைவு என்றால், புரியாத மொழியில் அளித்த இசைவு குறையுடையதே. தமிழில் எழுதியதாலேயே புரிந்துவிடும் என்பதும் இல்லை. ‘தங்கள் தரவுகளைச் சந்தைப்படுத்தல் தொடர்பான செயலாக்கத்திற்கு உட்படுத்த ஒப்புதல் வழங்கப்படுகிறது’ என்னும் தொடர் தமிழ் எழுத்தில் இருப்பினும் ஆங்கிலத்தின் நிழலே. யார் யாருக்கு எதனை வழங்குகிறார் என்பது அதில் தெரியவில்லை. மேலும் ‘ஒப்புதல்’ என்பது அலுவலக வழக்கில் மேலதிகாரி அளிக்கும் ஏற்பைக் குறிப்பது. தன்விருப்பத்தைச் சுட்ட ‘இசைவு’ அல்லது ‘சம்மதம்’ ஏற்றது.

அதனைப் பின்வருமாறு எழுதலாம்: ‘புதிய துணிவகைகளையும் தள்ளுபடியையும் பற்றி மாதம் ஒருமுறை உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப விரும்புகிறோம். இதற்கு உங்கள் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் மட்டும் பயன்படுத்துவோம். சம்மதம் என்றால் இக்கட்டத்தில் குறியிடுங்கள். சம்மதிக்காவிட்டாலும் நீங்கள் பொருள் வாங்குவதற்குத் தடையில்லை. பின்னர் வேண்டாமெனில் ஒவ்வோர் அஞ்சலின் அடியிலும் உள்ள ‘நிறுத்துக’ என்பதை அழுத்துங்கள்.’ இதனோடு குறை தெரிவிக்கும் வழியும், தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் முறையிடும் வழியும் சேர்ந்தால் அறிவிப்பு முழுமை பெறும். குறியிடும் கட்டம் வெறுமையாகவே இருத்தல் வேண்டும். முன்னரே குறியிட்ட கட்டம் வாடிக்கையாளரின் செயலாகாது.

5. வணிகம் மேற்கொள்ள வேண்டிய ஆயத்தங்கள்

முதலாவதாக, கையிலுள்ள பட்டியலை ஆராய்தல். ஒவ்வொரு முகவரியும் எப்போது, எங்கிருந்து, எந்நோக்கத்திற்காகக் கிடைத்தது, அவர் எந்நாட்டில் உள்ளார் என்பதைப் பதிய வேண்டும். மூலம் அறியாத முகவரிகளையும் விலைக்கு வாங்கிய பட்டியலையும் நீக்கிவிடுவதே நன்று.

இரண்டாவதாக, இசைவின் சான்றைப் பேணுதல். நாள், நேரம், காட்டப்பட்ட அறிவிப்பின் வாசகம், அதன் மொழி ஆகிய நான்கும் பதிவில் இருந்தால் மெய்ப்பிக்கும் பொறுப்பை நிறைவேற்ற இயலும். சட்டத்திற்கு முன்னரே இசைந்தோருக்கும் முறையான அறிவிப்பைக் காலந்தாழ்த்தாது அனுப்ப வேண்டும்.

மூன்றாவதாக, பற்றுச்சீட்டு, அனுப்பிய விவரம் போன்ற அஞ்சல்களையும் விளம்பர அஞ்சல்களையும் தனித்தனியே பிரித்தல். விளம்பரத்தை நிறுத்தியவருக்கும் பற்றுச்சீட்டு செல்ல வேண்டும்.

நான்காவதாக, விலகியோர் பட்டியலைத் தனியே வைத்தல். விலகியவரின் முகவரி மற்றொரு பட்டியல் வழியே மீண்டும் நுழைவதை அது தடுக்கும். அதில் முகவரியன்றிப் பிற விவரம் வேண்டுவதில்லை.

ஐந்தாவதாக, தொழில்நுட்ப அடையாளங்களை அமைத்தல். அஞ்சல் மெய்யாகவே அந்நிறுவனத்திடமிருந்து வருகிறது என்பதை எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.எம்.ஏ.ஆர்.சி. என்னும் மூன்று அமைப்புகள் உறுதிசெய்கின்றன. நாளொன்றுக்கு 5,000க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் இம்மூன்றையும் அமைக்க வேண்டும் என்றும், விளம்பர அஞ்சல்களில் ஒரே அழுத்தில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்றும் 2024 முதல் கூகுள் வலியுறுத்துகிறது. குறைவாக அனுப்புவோருக்கும் இவை நலம் பயப்பனவே. பலர் எரிதம் எனக் குறித்த நிறுவனத்தின் பற்றுச்சீட்டுகூட வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டிக்குச் சென்றுவிடக்கூடும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. இந்தியாவில் வேண்டா அஞ்சலுக்கெனத் தனிச்சட்டம் இல்லாமை, வணிகருக்குக் கட்டற்ற உரிமையைத் தருவதில்லை. பல நாட்டினருக்கு எழுதுவோர், முன்னிசைவு நெறியையே பொதுநெறியாகக் கொள்வது பாதுகாப்பானது. நாட்டுக்கு நாடு வேறுபடும் தலைப்படையாளம், முகவரி போன்ற கூறுகளை அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். அறிவிப்பின் மொழியைப் பொறுத்தவரை, சட்டம் தமிழுக்கு இடம் தந்துள்ளது. அவ்விடத்தை விளங்கும் தமிழால் நிரப்புவது மொழியறிந்தோரின் பணி. நல்ல மாதிரி அறிவிப்புகளைத் தமிழிலும் தெலுங்கிலும் தமிழாய்வுத் துறைகளும் வணிகர் சங்கங்களும் இணைந்து உருவாக்கித் தந்தால், சட்ட வல்லுநரை அமர்த்தும் வசதியற்ற சிற்றூர் வணிகரும் முறைப்படி நடக்க இயலும்.